நாற்பது அடி தள்ளி நிற்கும் வண்டி

பேருந்து ஏன் நிறுத்தத்தில் நிற்பதில்லை என்று தையல்காரிக்கு விளங்கவே இல்லை. பலகை இருக்கிறது, நிழற்குடை இருக்கிறது, முப்பது பேர் காத்து நிற்கிறார்கள். ஏழு மணி வண்டி அத்தனை பேரையும் கடந்து, நாற்பது அடி தள்ளிப் போய்த்தான் நிற்கும். எல்லோரும் ஓடுவார்கள். அவளாலும் ஓட முடியும். அவள் கையைப் பிடித்திருக்கும் கணவரால் முடியாது.

அவர் பெயிண்டர். சாரத்தில் நின்று நாலு மாடிக்கு வண்ணம் அடித்தவர். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோனதால் இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஏழரைக்கு இயந்திரத்தருகே படுக்க வேண்டும். பதினொன்றரைக்கு அடுத்தவர் வந்துவிடுவார். ஏழு மணி வண்டியை விட்டால் அடுத்தது ஏழரைக்கு. அதில் போய்ச் சேர்ந்தால் ரத்தச் சுத்திகரிப்பில் அரை மணி குறையும். போன வாரம் இரண்டு நாள் அப்படிக் குறைந்தது. அவர் கணுக்காலை விரலால் அழுத்தினால் விழும் குழி எழுவதே இல்லை. ஆட்டோ கட்டுப்படியாகவில்லை.

திங்கட்கிழமை அவள் ஒரு யோசனை செய்தாள். வண்டி வழக்கமாக நிற்கிற மின்கம்பத்தின் அருகில் அவரை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்தினாள். அவர்களைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள், நாலு பேரைப் பார்த்து இருபது பேர். வண்டி வந்தது. பலகைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கூட்டம் பின்பக்கம் ஓடியது.

"நம்மளக் கண்டா டிரைவருக்கு மாமியாரக் கண்ட மாதிரி இருக்கும்போல," என்றார் பெயிண்டர். "ஒதுங்கி ஒதுங்கிப் போறான்."

"பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க."

அன்றும் அரை மணி குறைந்தது. "இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்மா," என்றாள் நர்ஸ். "அப்புறம் என்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல."

தையல் நடுவே நூல் அறுந்தால் அவள் ஊசியைத் திட்டமாட்டாள். நூல் எந்த வழியாக வருகிறது என்று உருளையிலிருந்து ஒவ்வொரு வளைவாகப் பார்த்து வருவாள். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே தனியாகப் போய், தெருவின் எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நின்றுகொண்டாள்.

ஆறு இருபத்தைந்துக்கு அதே எண் வண்டி எதிர்த்திசையில் போக வந்தது. உள்ளே ஆறேழு பேர்தான். அவள் காலடியில், ஓரக்கல்லை உரசுவதுபோல் நின்றது.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏறலையாக்கா?"

"இது எங்க போகுதுங்க?"

"மார்க்கெட் தாண்டிக் கடைசி ஸ்டாப்பு. பத்து நிமிஷம் நின்னுட்டு இதே வண்டிதான் திரும்பி ஆஸ்பத்திரி வழியா போகும்."

ஏழு மணிக்கு அதே வண்டி, அதே கண்டக்டரோடு, மார்க்கெட் கூட்டத்தை அடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. வழக்கம்போல் நாற்பது அடி தள்ளி நின்றது. முதலில் எட்டுப் பேர் இறங்கினார்கள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தினால் அது வாசலை அடைத்துக்கொள்ளும், ஒருவரும் இறங்க முடியாது. ஆகவே டிரைவர் பலகையைப் பார்ப்பதில்லை. ஆளில்லாத இடத்தைப் பார்க்கிறார். கூட்டம் நகர்ந்தால் அவர் நிறுத்தும் இடமும் நகரும். இந்தப் பக்கத்தில் எங்கே நின்றாலும் பயனில்லை.

புதன்கிழமை ஆறு இருபத்தைந்துக்கு அவரை எதிர்ப்பக்கத்தில் ஏற்றினாள். ஒரு கால், பிறகு கம்பி, பிறகு அடுத்த கால். முன்வாசலை அடுத்த இருக்கையில் உட்கார வைத்தாள்.

"ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்," என்றார் அவர். "வியாதி எனக்கா உனக்கா?"

கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் கம்பியைத் தட்டினார். "எல்லாரும் இறங்குங்க. வண்டி காலியாகணும்."

அவள் எட்டிப் பார்த்தாள். கீழே ஐம்பது பேர் வாசலை மொய்த்து நின்றார்கள். "இறங்கினா திரும்ப ஏத்த முடியாதுங்க. இவரு ஏறினத நீங்களே பாத்தீங்கல்ல."

"செக்கிங் வந்தா என் சீட்டு கிழியும்க்கா."

"என்னை லக்கேஜ்னு எழுதிக்குங்க தம்பி," என்றார் பெயிண்டர். "லக்கேஜ் தானா இறங்காதே."

கண்டக்டர் சிரிக்கவில்லை. செருப்புக்குள் நுழையாமல் பிதுங்கி நின்ற பாதங்களைப் பார்த்தார். "சரி, உக்காருங்க. வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி புது டிக்கெட் எடுத்துருங்க. எடுத்துட்டா நீங்க புதுப் பயணி, யாரும் கேக்க முடியாது."

மார்க்கெட்டில் வண்டி நிரம்பியது. அவர்கள் நிறுத்தத்தில் சனங்கள் ஓடி வந்தார்கள். இருவர் ஏற முடியாமல் நின்றுவிட்டார்கள். பெயிண்டர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஒரு நிறுத்தம் இருக்கும்போதே அவரை எழுப்பி வாசலருகே நிறுத்தினாள்.

ஏழு இருபத்தேழுக்கு நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "ஆட்டோவாம்மா?"

"இல்ல, பஸ்ஸுதான். எதிர்ப்பக்கம் நின்னு காலி வண்டியில ஏறணும். கடைசி ஸ்டாப்புல இறங்காம புது டிக்கெட் எடுத்துக்கிட்டு, அப்படியே உக்காந்து வரணும்."