பன்னிரண்டு மணிப் பால்

காலை ஒன்பது மணிப் பால் வழக்கம்போல இறங்கியது. மூக்கு வழியாக வயிறுவரை போகும் குழாயில் சிரிஞ்சைச் செருகி அவள் உயர்த்திப் பிடித்தாள். ஊற்ற ஊற்ற, இருநூறு மில்லி தன் எடையிலேயே உள்ளே போனது.

"ஊருக்கெல்லாம் குழாய் மாட்டினேன். கடைசியில எனக்கே மாட்டிட்டாங்க பாரு," என்றான் அவள் கணவன். பிளம்பர்.

"லீக் இல்லாம மாட்டியிருக்காங்களா, அதைச் சொல்லுங்க."

"வேலை சுத்தம்தான், கலோரி."

மருத்துவமனைச் சமையலறையில் பதினெட்டு வருஷமாக நோயாளிகளின் திரவ உணவை அளந்து கலப்பவள் அவள். அதனால் வீட்டில் 'கலோரி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வேளை ஊற்றும் முன் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து, முந்தைய வேளையில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்காமல் விடமாட்டாள். இருபது மில்லி வரும், முப்பது வரும். மற்றதை வயிறு குடலுக்குத் தள்ளிவிட்டது என்று பொருள்.

பன்னிரண்டு மணிக்கு இழுத்தாள். மூன்று சிரிஞ்சு நிறைய வந்தது.

அந்த வேளைப் பாலை ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்த டாக்டர் அவன் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் வைத்துக் கேட்டார். "கட்டி குடலை அடைச்சிடுச்சும்மா. இனிமே எது கொடுத்தாலும் வேதனைதான். வலிக்கு மட்டும் மருந்து கொடுக்கலாம்." அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும். வேதனையில்லாமல் அவனை அனுப்ப வேண்டும். மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் காலை நாத்தனார் ஃபிளாஸ்கில் சூப்போடு வந்தாள்.

"ஆஸ்பத்திரி பூரா ஆக்கிப் போடுறவ, கட்டின புருஷனைப் பட்டினி போடுறியா?"

"வயிறு ஓடலை அண்ணி."

"அது என்ன மோட்டாரா, ஓடுறதுக்கு?"

அவள் குளித்துவிட்டு வந்தபோது நாத்தனாரின் கையில் சிரிஞ்சு, அதில் சூப். அவள் அதை வாங்கினாள். சூப்பைக் கிண்ணத்தில் கொட்டி, காலி சிரிஞ்சைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஊத்துறதுக்கு முன்னாடி ஒருதடவை இழுத்துப் பாருங்க."

நாத்தனார் இழுத்தாள். பச்சைப் பித்தமும் திரிந்த பாலுமாக ஏறிவந்தது.

"நேத்துப் பாலா இது?"

"ஆமா. உள்ள கடையைச் சாத்திட்டாங்க அண்ணி. மூட்டை மேல மூட்டை இறக்கினா எடுத்து வைக்க ஆள் ஏது? மேல ஏறி மூச்சை அடைக்கும்."

"அப்போ என் தம்பி பசியோடவா போவான்?"

அவன் கண்ணைத் திறந்தான். "பசி இல்லக்கா. வாய்தான் காயுது."

அவள் பஞ்சும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த இரண்டு நாளும் அவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தது நாத்தனார்தான். மூன்றாம் நாள் மதியம், ஒரு குமட்டல்கூட இல்லாமல், அவன் மூச்சு நின்றது.

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போனபிறகு நாத்தனார் முதல்முறையாகத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். பாதியில் கை நின்றது.

"எனக்கு மட்டும் இது இறங்குதே."

"இறங்கத்தான் அண்ணி செய்யும். சாப்பிடுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வயித்தைத் தாண்ட மூணு, நாலு மணி நேரம்," என்றாள் அவள், தனக்கும் சோறு போட்டுக்கொண்டே.