மழைக்கோட்டுக்காரனும் பதினாலாம் நம்பர் பஸ்ஸும்

டிப்போவில் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பேர் வைத்தவர்கள் அதைப் பாராட்டாக வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறாள். கதவை மூடி வண்டி நகர்ந்த பிறகும், பக்கக் கண்ணாடியில் யாராவது மூச்சிரைக்க ஓடி வருவது தெரிந்துவிட்டால் போதும், கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். டிரிப்புக்கு நாலு நிமிடம் தாமதம். மேலாளர் மெமோ கொடுப்பார். பிரேக்கம்மா பவ்யமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த டிரிப்பிலும் நாலு நிமிடம் தாமதமாகவே வந்து சேருவாள்.

அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை மகா மரியாதைக்காரர். மாமியாரைக் கண்டால் எழுந்து நிற்பார். கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தபோதும் பாதி எழுந்தார். "உக்காருங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்று பதறி அவரை உட்கார வைப்பதே அவளுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. அதைத் தாண்டி இருவருக்கும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேச்சு இருந்தால் அதிகம்.

அவர் தொழில், உயரமான கண்ணாடிக் கட்டடங்களைக் கயிற்றில் தொங்கித் துடைப்பது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கொக்கி நழுவி, இருபத்துநாலாவது மாடியிலிருந்து இருபத்துமூன்றாவது மாடிப் பால்கனியில் விழுந்துவிட்டார். கேட்டவர்களெல்லாம் "ஒரு மாடிதானே, தப்பிச்சீங்க" என்றார்கள். அவரும் ஆமாம் என்று சிரித்தார். அவர்கள் வீடு லிப்ட் இல்லாத நாலாவது மாடி என்பதால், மகள் அவரை அம்மா வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லா போனிலும் ஒரே கேள்விதான். மாப்பிள்ளை மறுபடி எப்போது மேலே ஏறுவார்? மகளும் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது தினமும் கேட்பாள்: "கால் நல்லாத்தானே இருக்கு? ஏறிடுவீங்கல்ல?" அவர் தலையாட்டுவார்.

கூட வேலை பார்க்கிறவர்கள் பார்க்க வந்தபோது ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டுப் போனார்கள். "நீ திரும்பி வர்ற வரைக்கும் இதுல தொங்கிட்டு இரு" என்று கேலி வேறு. ஒரு பெரிய நகரம். அதில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு வீரன். சுவரில் கால் வைத்து ஓடியே எத்தனை மாடியும் ஏறுவான். குதித்தால் கோட்டு விரிந்து, காற்றில் மிதந்து இறங்குவான். வில்லன் ஊரிலேயே உயரமான கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தான். அவசரமொன்றும் இல்லை, நகரம் முழுக்க இஷ்டம்போல் சுற்றலாம்.

காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வீடு திரும்பும் பிரேக்கம்மாவுக்குப் பட்டப்பகலில் டிவி ஓடுவது அறவே பிடிக்காது. ஆனால் மாப்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, பிடிக்காததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது.

"மாப்பிள்ளை, அந்த பஸ் ஸ்டாப்புல மூணு பேர் நிக்கிறாங்க."

"ஆமா அத்தை."

"பஸ் நிக்காமப் போகுது!"

மாப்பிள்ளை அப்போதுதான் கவனித்தார். மழைக்கோட்டுக்காரனை ஸ்டாப்பிலேயே நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த பஸ்ஸும் நிற்கவில்லை. அதற்கடுத்ததும் நிற்கவில்லை. அதன் நெற்றியில் பதினாலு என்று நம்பர் எரிந்ததைப் பார்த்ததும் பிரேக்கம்மாவுக்கு ரத்தம் கொதித்தது.

"ஊர்ல வில்லன் இருந்துட்டுப் போறான், அவனை விடுங்க. இந்த டிரைவரை யாருமே கேக்க மாட்டாங்களா?"

அன்றிலிருந்து மூன்று வாரம் மாமியாருக்கும் மருமகனுக்கும் அதுதான் வேலை. மழைக்கோட்டுக்காரன் பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றான், அது ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. ஒருநாள் அவன் பஸ்ஸை அலாக்காகத் தூக்கிவந்து ஸ்டாப்பில் வைத்தான். உள்ளே இருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு நாலாபக்கமும் ஓடினார்கள், நின்றிருந்த மூன்று பேரும் சேர்ந்து ஓடினார்கள். "இறங்க வேண்டியவங்களாச்சும் இறங்கினாங்களே" என்று பிரேக்கம்மா சொல்ல, மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் வண்டியை நாலு நிமிடத் தாமதம் இல்லாமல் டிப்போவில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். மேலாளர் வாயைப் பிளந்தார்.

இன்னொன்றும் அவள் மனதைக் குளிர வைத்தது. பறக்கத் தெரிந்தவனைக் கையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஒருநாளும் அவனைப் பறக்க விடவில்லை. நடைபாதையில்தான் நடத்திக் கூட்டிப்போனார். சிக்னலில் நிறுத்தினார். சுவர் ஏறி மூன்று நிமிடத்தில் போகக்கூடிய இடத்துக்குத் தெருத்தெருவாய்ச் சுற்றிப் போனார். என்ன அடக்கம், என்ன ஒழுங்கு! பிரேக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. டிப்போவில் டீ குடிக்கும் இடத்தில் அகப்பட்டவர்களிடமெல்லாம் அளந்தாள். "எங்க மாப்பிள்ளை கையில சூப்பர் ஹீரோவே கிடைச்சாலும் பிளாட்பாரத்துலதான் நடத்துவாரு."

வெள்ளிக்கிழமை காலையில் மருத்துவர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். கால் முன்னைவிட உறுதி, திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். கம்பெனிச் சூப்பர்வைசர் போன் செய்து, வளைவான முகப்புள்ள புதுக்கட்டடம் ஒன்று, முப்பத்தொரு மாடி, உனக்காகவே ஒதுக்கியிருக்கிறேன் என்றார். மாப்பிள்ளை "சரி சார்" என்றார்.

அன்று மத்தியானம் வந்து உட்கார்ந்த பிரேக்கம்மாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்தான். திங்கட்கிழமையோடு இந்தச் சோபாவில் துணை போய்விடும். அதற்குள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நினைத்தாள்.

"இந்த பஸ்ஸெல்லாம் கடைசியா எங்கதான் போய் நிக்குது மாப்பிள்ளை? ஒரு டிப்போ இருக்கணும்ல? மேல ஏறிப் பார்த்தா தெரியுமே."

"மேலயா?"

"அந்தக் கோபுரத்து மேல."

மாப்பிள்ளை மழைக்கோட்டுக்காரனை நடைபாதையிலேயே நிறுத்தினார். பிறகு கேம் ரிமோட்டை அவள் பக்கம் நீட்டினார். "நீங்களே ஏறுங்க அத்தை. சுவரோரம் போய் இந்த முக்கோணப் பட்டனை அழுத்திப் பிடிச்சா தானா ஏறுவான்."

பிரேக்கம்மா ரிமோட்டை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மழைக்கோட்டுக்காரன் நாலு தடவை விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு, ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டுக் கோபுரத்தை அடைந்தான். பிறகு ஏறினான். ஜன்னல்கள் சரசரவென்று கீழே போயின. உச்சியில் போய் நின்றதும் நகரம் முழுவதும் காலடியில் விரிந்தது. ஆறு, பாலங்கள், எறும்பாய் ஊரும் வண்டிகள்.

"அம்மாடி! பாருங்க மாப்பிள்ளை, பாருங்களேன்!"

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கம்மா அதைக் கவனிக்கவில்லை. விளிம்புக்கு அந்தப் பக்கம் டிப்போ இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் நினைப்பில் ரிமோட்டில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியை முன்னால் தள்ளினாள். மழைக்கோட்டுக்காரன் தாவிவிட்டான்.

பக்கத்தில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. பிரேக்கம்மா திரும்பினாள். மாப்பிள்ளையின் ஒரு கை சோபாவின் கைப்பிடியைப் பிய்த்துவிடுவதுபோல் பிடித்திருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. வலது கால், எலும்பு கூடிய அந்தக் கால், தரையை மிதித்து விறைத்து நின்றது.

அந்த மிதி என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒருமுறை விபத்தில் மாட்டியவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்தால் அப்படித்தான் இல்லாத பிரேக்கை மிதிப்பார்கள்.

"இதுல பிரேக் எது மாப்பிள்ளை?"

"நடுவுல... நடுவுல இருக்கிற பட்டன்."

அழுத்தினாள். மழைக்கோட்டுக்காரன் நட்டநடு வானத்தில், தலைகீழாக, அப்படியே நின்றுபோனான்.

பிறகு மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"எல்லாரும் ஒரு மாடிதானேன்னு சொல்றாங்க அத்தை. ஆமா, ஒரு மாடிதான். ஆனா விழும்போது கீழ இன்னும் இருபத்துமூணு மாடி இருந்துச்சு. நான் அதைப் பார்த்துட்டேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் பிரேக்கம்மா வாயெடுத்தாள். வாயில் வந்தது வேறு.

"அப்போ நீங்க இவனைப் பறக்கவிடாம நடத்தினது ஒழுங்குக்காக இல்லையா? நான் டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடிச்சு வச்சிருக்கேனே!"

"முதல் மாடி ஜன்னலுக்கு மேல ஏத்த முடியல அத்தை. கை வேர்த்துடும்."

"சிக்னல்ல நின்னீங்களே, அதுவும் பயமா?"

"அது நீங்க பக்கத்துல இருந்தீங்களேன்னு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பிரேக்கம்மா மூக்கை உறிஞ்சினாள். இவ்வளவு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, பயத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறோமே என்று நெஞ்சு வலித்தது.

"திங்கட்கிழமை என்ன பண்றதா இருந்தீங்க?"

"ஏறிடலாம்னுதான். ஏறிட்டா சரியாயிடும்னு..."

"கை அப்படி வேர்த்தா நான் வண்டியைத் தொட மாட்டேன் மாப்பிள்ளை. மேலாளர் இல்லை, அவரோட மேலாளர் வந்து சொன்னாலும் தொட மாட்டேன்."

"உங்க பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? நான் கயித்துல தொங்குற போட்டோவைத்தான் போன் முகப்புல வச்சிருக்கா. தினமும் ஏறிடுவீங்கல்லன்னு கேக்கிறா. அவளுக்கு அது அவ்வளவு பெருமை."

கதவில் சாவி திரும்பியது. சான்றிதழ் கிடைத்த நாளாயிற்றே, மகள் மருந்துக்கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். உள்ளே வந்ததும் டிவியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்? யாரு அது தலைகீழா?"

பிரேக்கம்மாவின் நாக்கு துறுதுறுத்தது. அவள் வாழ்க்கையில் வாயை அடக்கிய தருணங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு ரிமோட்டையே பார்த்தாள். மாப்பிள்ளை எழுந்து நின்றார். மாமியாருக்காக எழுவது போல இல்லை, நேராக, மெதுவாக.

"என்னால மேல போக முடியாது" என்றார். "கால் நல்லா இருக்கு. நான்தான் பயப்படுறேன். உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல."

மகள் பையைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"நாலு மாசமா?"

"ஆமா."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துவிட்டது. "எங்கிட்டச் சொல்லாம எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கீங்க!"

"நானா கேக்கலடி, அவன்தான் குதிச்சுட்டான்" என்றாள் பிரேக்கம்மா. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீ பெருமைப்படுறியேன்னு..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"பெருமையா?" மகள் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "தினமும் காலைல கயிறு கட்டினதும் ஒரு போட்டோ அனுப்புவீங்கல்ல? கடையில கல்லாவுக்குப் பின்னாடி நின்னுட்டு அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பேன். இடுப்புல ரெண்டு கொக்கியும் மாட்டியிருக்கான்னு. இந்தப் போட்டோவுல ரெண்டும் பளிச்சுனு தெரியுது, அதான் வச்சிருக்கேன். ஏறிடுவீங்கல்லன்னு ஏன் கேட்டேன்? என்னைக்காவது ஒருநாள் மாட்டேன்னு சொல்ல மாட்டீங்களான்னுதான் கேட்டேன்."

மாப்பிள்ளை போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் படத்தை விரித்தார். கொக்கி இரண்டும் தெரிந்தன. அப்புறம் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மகளும் அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவர் தோளில் ஒரு குத்து விட்டுவிட்டு அழுதாள். பிரேக்கம்மா ஆசையாய் வளர்த்த மகள், எவ்வளவு பெரிய பயத்தை இத்தனை வருடம் மென்று விழுங்கியிருக்கிறாள்! பிரேக்கம்மாவுக்கும் கண் நிறைந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல அவனை இறக்கி விடுங்க, பாவம்" என்றாள் மகள், டிவியைக் காட்டி.

ரிமோட் கை மாறியது. மாப்பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். மகள் அவர் இன்னொரு கண்ணைப் பொத்திப் பிடித்தாள். மஞ்சள் கோட்டு படாரென்று விரிந்தது.

"இடது பக்கம், இடது பக்கம், ஸ்டாப்புகிட்ட இறக்குங்க" என்று பிரேக்கம்மா வழி சொன்னாள். மழைக்கோட்டுக்காரன் ஆடி ஆடி இறங்கி, காத்திருந்த மூன்று பேருக்குப் பின்னால் நாலாவது ஆளாக வரிசையில் நின்றான். பதினாலாம் நம்பர் வந்தது. நிற்காமல் போயிற்று. சோபாவில் இருந்த மூன்று பேரும் ஒரே குரலில் அந்த டிரைவரைத் திட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை, அசல் பதினாலாம் நம்பர் அவர்கள் தெரு ஸ்டாப்பில் நின்றபோது மாப்பிள்ளை முதல் ஆளாக ஏறினார். சூப்பர்வைசரிடம் ஞாயிறன்றே பேசிவிட்டார். கீழே நின்று எல்லோருடைய கயிறும் கொக்கியும் பார்த்து அனுப்ப ஒரு ஆள் வேண்டுமாம். விழுந்து எழுந்தவன் பார்த்தால் எனக்கு நிம்மதி என்றாராம் அவர். உட்கார இடம் இருந்தும், டிரைவர் இருக்கையில் மாமியார் இருப்பதால் மாப்பிள்ளை வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார். "உக்காருங்க மாப்பிள்ளை" என்று ஏழு ஸ்டாப்பிலும் சொல்லிப் பார்த்தாள்.

சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்து, அவர் அனுப்பிய போட்டோவை அம்மாவிடம் காட்டினாள். நடைபாதைக் கல்லில் பதிந்து நின்ற இரண்டு ஷூக்கள், வேறொன்றும் இல்லை.

"இதையும் பெரிசாக்கிப் பார்த்தியாடி?"

"பார்த்தேன். ஒரு லேஸ் அவிழ்ந்திருந்துச்சு. போன் பண்ணிக் கட்டச் சொல்லிட்டேன்" என்றாள் மகள்.