சீக்கிரம் வந்த நாய்

ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தண்ணி டாக்டர் என்று பெயர். கேள்விப்படுகிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள்; பாவம், டீயைத் தாண்டியறியாதவன். பின்னங்கால் விழுந்த நாய் வந்தால் மற்ற டாக்டர்கள் ஸ்கேன் எடுக்க ஓடுவார்கள். இவன் ஊசியோடு ஓடுவான், முதுகெலும்புக்குள் இருக்கும் நீரை நாலு சொட்டு எடுக்க. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கினால், சாகிற நரம்பிலிருந்து என்சைம்கள் அந்த நீரில் கசியும். அளவு ஏறியிருந்தால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, குறைவாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். இதை நிரூபிக்கத்தான் வருஷக்கணக்கில் நாய்களின் முதுகில் குத்திக்கொண்டிருந்தான். கருத்தரங்குகளில் கைதட்டு வாங்கியவன். கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

அவனுடைய அப்பா லாரி ஓட்டி ஓய்ந்தவர். அம்மா போன பிறகு அவருக்குத் துணை நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு நாய்தான். முதலில் என்னவோ பெயர் வைத்தார். அது வீட்டை நடத்திய அழகில் முதலாளி என்பதே நிலைத்துவிட்டது. வாழ்நாளெல்லாம் ஒரு முதலாளியிடம் திட்டு வாங்கியாயிற்று, மிச்சத்தை இதனிடம் வாங்கிக்கொள்கிறேன் என்பார். இந்த வகை நாய்க்கு வட்டு பிதுங்குவது சகஜம். கால் தடுமாறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று மகன் அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

அப்பா அப்படியேதான் செய்தார். ஒரு காலையில் முதலாளி எழுந்திருக்கப் பார்த்து, பின்பக்கம் எழாமல் தரையிலேயே கிடந்தது. செருப்பைக்கூட மாட்டாமல், அதைத் துண்டில் சுற்றி, டாக்சி பிடித்து வந்துவிட்டார். மகனே நீரை எடுத்தான். பளிங்கு மாதிரி தெளிவு, துளி ரத்தம் கலக்கவில்லை. என்சைம் அளவும் ஆரோக்கியமான நாய்க்கு இருப்பது போலவே வந்தது. அவனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. உடன் வேலை பார்க்கும் சர்ஜன் அம்மா, அளவு கிடக்கட்டும், கால் விழுந்துவிட்டது, ஸ்கேன் பார்த்து இன்றைக்கே திறந்துவிடலாம் என்றார். வயசான நாய், நரம்புதான் நன்றாக இருக்கிறதே, எதற்கு வீணாக முதுகைக் கிழிப்பது என்று இவன் மறுத்துவிட்டான். கூண்டில் அசையாமல் படுத்திருந்தால் போதும், தானாக எழுந்து நடக்கும் என்று அப்பாவிடம் சொன்னான். அப்பா அதை அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் வால் ஆடுவது நின்றது. வலி தெரிகிறதா என்று பார்க்க மகன் இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினான். முதலாளி திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்பாவின் கையை நக்கிக்கொண்டிருந்தது. அன்றே சர்ஜன் அம்மா திறந்தார். காய்ந்த சுண்ணாம்பு போல வட்டுத் துண்டுகள் வந்தன. அடியில் தண்டுவடம் கன்றிப்போயிருந்தது. வந்த அன்றே, என்று ஆரம்பித்தவர் இவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எங்கே பிசகியது என்று தலையைப் பிய்த்துக்கொண்டான். மெஷினைச் சோதித்தான், பழுதில்லை. குத்திய நாய்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவற்றை வளர்த்தவர்கள் எல்லாருமே இன்று சரியாகும் நாளை சரியாகும் என்று வீட்டில் போட்டுவைத்து, வேறு வழியில்லாமல் தூக்கி வந்தவர்கள். அதற்குள் என்சைம் நீரில் நன்றாகக் கசிந்திருக்கும். கசியவே நேரம் கொடுக்காமல் ஓடி வந்தது முதலாளி ஒன்றுதான். ஊரார் அலட்சியத்தை வைத்துப் போட்ட கணக்கை, சொன்ன சொல் தட்டாத மனிதரின் நாய்மேல் போட்டிருக்கிறான். இத்தனை படித்தவனுக்கு இது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை.

அப்பா மட்டும் விடவில்லை. முதலாளியின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக் கூடத்தில் நடத்திப் பார்த்தார். முன்னங்கால்கள் நடந்தன, பின்னங்கால்கள் இழுபட்டன. மூத்திரம் தானாகப் போகாது; வயிற்றை அமுக்கி எடுக்கக் கற்றுக்கொண்டார். மகன் வரும்போதெல்லாம், உன் அளவு தப்பாதுடா, கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான் என்று அவனைத் தேற்றுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும் அவனுக்கு.

முதலாளியின் இடுப்பில் புண் விழுந்து எலும்பு தெரிந்த அன்று, கூடத்துத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இனி நடக்காது என்பதையும், அளவு ஏன் ஏமாற்றியது என்பதையும். அப்பா துண்டைக் கையிலிருந்து விடாமல் கேட்டார்.

"அப்போ நான் சீக்கிரமா தூக்கிட்டு வந்ததுதான் தப்பாப் போச்சா?"

"இல்லப்பா. நீங்க செஞ்சது சரிதான். தப்பு என்னோடது."

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. முதலாளியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு வேற டாக்டர்கிட்ட போயிருந்தா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு அவனுக்கு மனசு வரவில்லை.

"அன்னைக்கே ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க. அநேகமா நடந்திருக்கும்பா."

அப்பா மெல்லத் தலையாட்டினார்.

"வர்ற வழியில ரெண்டு ஆஸ்பத்திரி இருந்துச்சு. டாக்சிக்காரர்கூட நிறுத்தட்டுமான்னு கேட்டாரு. வேணாம், என் பையன் இருக்கான்னு சொன்னேன்."