யாளியின் கரையைப் புரட்டிய கை

1.

என் பெயர் இளங்கோவன். வயது இருபத்தைந்து. ஊர் காஞ்சிபுரம், இருப்பது மஸ்கட்டில், ஏசி ரிப்பேர் கம்பெனியின் வேனுக்குள். சாப்பாட்டு நேரத்தில் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. எங்கள் வீட்டு வாட்ஸப் குழுவில் போடுவதற்காக.

இந்தக் கதை பிறந்தது ஒரு குட்டி வீடியோவில். என் தங்கை தேவிப்ரியா ஒரு விழாவில் வேடம் கட்டி நிற்கிறாள். யாரோ ஒருவருடைய கை அவள் இடுப்புத் துணியைத் தூக்கிப் பார்க்கிறது. அதைக் குழுவில் போட்டது சித்தப்பா பையன் தினேஷ், விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையோடு. அம்மா அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள்.

"நீ சொன்னா கேப்பா இளங்கோ. சென்னைக்குப் போவாதன்னு சொல்லுப்பா."

அடுத்த மாதம் சென்னையில் இதைவிடப் பெரிய விழா. அவள் ஒரு வருஷமாகக் காத்திருப்பது அதற்குத்தான்.

நான் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பதில் கதை எழுதுகிறேன். தங்கையிடம் பேசப் பயப்படுகிறவன் போனிடம் மட்டும் இவ்வளவு பேசுவதை நீங்கள் சந்தேகிக்கலாம். நானும் சந்தேகிக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: தறிகள் தடதடக்கும் ஒரு காலைப் பொழுதில், காஞ்சியின் கோபுரங்கள்

[வேண்டாம். கோபுரத்துக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.]

இரண்டாவது: தேவிப்ரியா துணிச்சலான பெண்

[இதுவும் வேண்டாம். துணிச்சல் இல்லாதவளாக இருந்தால் தொடலாமா?]

மூன்றாவது:

யாளித் தலைக்குள் இருந்தால் தேவிப்ரியாவுக்கு நேரே மட்டும்தான் தெரியும். கோயில் தூணில் நிற்கிற யாளியைப் பார்த்துப் பார்த்து, ஃபோமை வெட்டி ஒட்டி, அவளே பெயின்ட் அடித்த தலை. கண்ணுக்கு இரண்டு துளை. குனிந்தாலும் தன் கால் தெரியாது. இடுப்பில் சுற்றியிருந்தது கைலாசம் நெய்த பட்டு. கரையில் பிசகு என்று கடைக்காரர் திருப்பி அனுப்பியது. [கைலாசம் எங்கள் அப்பா. அவரைப் பேர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. கதைக்குத் தேவைப்படுகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.]

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் அன்று காஸ்ப்ளே விழா. பிடித்த உருவத்தில் வேடம் கட்டி வருவார்கள், பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். ஆனால் கேட்டுவிட்டுத்தான். கட்டைவிரலைத் தூக்கினால் சரி. இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் வேண்டாம். ஒரு சின்னப் பாப்பாகூட எட்டி நின்று கேட்டது: "அக்கா, மூக்கத் தொடட்டா?" அவள் கட்டைவிரலைத் தூக்கினாள்.

பிறகு, கேட்காமல், ஒரு கை.

கரை மேலே போனது.

[இங்கே ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். காரணம் பின்னால் வரும்.]

அவள் கத்தினாள். ஃபோமுக்குள் கத்தியது வெளியே உறுமலாக வந்தது. யாளி உறுமுகிறது என்று சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.*

* கைதட்டல் வீடியோவில் இருக்கிறது. மற்றதெல்லாம் அவள் என்னிடம் சொன்னது. என்னிடம் சொன்னாள், உங்களிடம் அல்ல. இதைச் சொல்லும்போதே எனக்கு உறுத்துகிறது. இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

3.

அந்தக் கை யாருடையது என்று இழுத்துக்கொண்டே போக ஆசைதான். முடியாது. வீடியோவைப் பார்த்ததுமே அது சித்தப்பாவின் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை கரையைத் தூக்குகிறது, உள்பக்கம் புரட்டுகிறது, துணியின் உடலும் கரையும் சேருகிற இடத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்க்கிறது. அந்த இடத்துக்குக் கோர்வை என்று பேர். அதைப் புரட்டிப் பார்க்காமல் எங்கள் நெசவுக்கார ஆட்களால் இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவளின் முந்தானையைக்கூட எடுத்துப் புரட்டுவோம். அவள் பாட்டுக்குச் சாப்பிடுவாள். கேட்பதில்லை. துணியைத்தானே பார்க்கிறோம்.

தினேஷின் அப்பா, சித்தப்பா பரமசிவம், மறைக்கவும் இல்லை. வீட்டில் எல்லாரும் கூடியபோது வீடியோ காலில் நானும் இருந்தேன். போனை எதிலோ சாய்த்து வைத்திருந்தார்கள், பாதி நேரம் ஃபேன்தான் தெரிந்தது.

"ஆமா, நான்தான். மண்டபத்துக்காரனப் பாக்கப் போயிருந்தேன். இது எங்கண்ணன் கோர்வையாச்சேன்னு தோணுச்சு, பொரட்டிப் பாத்தேன். அதுல இன்னா தப்பு?"

"துணிக்குள்ள நான் இருந்தேன், சித்தப்பா."

"நீன்னு எனக்கு எப்டிமா தெரியும்? சிங்கமா யானையான்னே புரியல. நம்ம வூட்டுப் புள்ளன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பனா?"

"அப்ப வேற வூட்டுப் புள்ளன்னா தொடலாமா?"

கைலாசம் தொண்டையைச் செருமினார். மகளுக்காக ஏதோ கேட்கப்போகிறார் என்று தேவிப்ரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"கோர்வ எப்டிடா இருந்துது?"

"சூப்பரா இருந்துதுண்ணா. கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திக்கினு இருக்கான்."

அம்மா புவனேஸ்வரி முடித்து வைத்தாள். "மூஞ்ச மூடிக்கினு நின்னா எவனுக்குத் தெரியும்? இனிமே அந்த வேசத்தக் கட்டாத. சென்னையும் வாணாம். அவ்ளோதான்."

தூக்கியது ஒருவர். தண்டனை இன்னொருத்திக்கு. தேவிப்ரியா எழுந்து போய் யாளித் தலையை எடுத்துத் தன் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

4.

என் சந்தேகம் இதுதான். கூட்டத்தில் எட்டி நின்றே அண்ணன் நெய்த துணி என்று கண்டுபிடித்தவருக்கு, அதைக் கட்டியிருப்பது அண்ணன் மகள் என்று தோன்றியிருக்காதா?

தோன்றியிருந்தால் அவர் ஒரு மாதிரி ஆள். தோன்றவில்லை என்றால் வேறு மாதிரி ஆள். எந்தச் சித்தப்பாவை எழுதுவது என்று இரண்டு நாளாகக் குழம்பினேன். எப்படி எழுதினாலும் அவள் கத்துகிறாள், அவர்கள் கைதட்டுகிறார்கள்.

முடிவுகள்:

சித்தப்பா கண் கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். [எங்கள் சித்தப்பாவா?]

சென்னையில் அவள் முதல் பரிசு வாங்குகிறாள், அம்மா அதை ஸ்டேட்டஸில் வைக்கிறாள். [பரிசு வாங்காவிட்டால்?]

அவள் அந்தத் தலையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியை

[இதை என்னால் சொல்ல முடியவில்லை.]

5.

குழுவில் போடுவதற்கு முன் அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அண்ணா, இத யாரக் கேட்டு எழுதின?"

"உனக்காகத்தான்மா."

"அம்மாவும் அதத்தான் சொல்லுது, எல்லாம் எனக்காகத்தானாம். சித்தப்பா துணியப் பாத்தாரு. நீ கதையப் பாக்குற. நடுவுல நான் ஒருத்தி நின்னுக்கினு இருக்கேன்."

போன் மட்டும் எழுதத் தயாராகக் காத்திருந்தது.

"இருக்கியா?"

"இருக்கேன். போடல. அழிச்சிடவா?"

"அந்த ஒரு வரிய மட்டும் தூக்கு. அது எனக்கு, ஊருக்கு இல்ல."

தூக்கிவிட்டேன்.

"உறுமல் இருக்கட்டும். அது நல்லா இருக்குது."

"சரி."

"அப்பா கோர்வயக் கேட்டாரே, அதயும் வை. அவரே படிக்கட்டும்."

"முடிவு?"

"உனக்கு எதுக்கு அது? சென்னைக்குப் போறனா இல்லியான்னு நானே சொல்லிக்கிறேன். இப்ப குழுல போடு."

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு இல்லை. இருக்கிறது, அவளிடம்.

இனி வேண்டுகோள் மட்டும். தினேஷ், அந்த வீடியோவைக் குழுவிலிருந்தும் உன் போனிலிருந்தும் எடுத்துவிடு. அம்மா, அவளிடம் பேச வேண்டியதை அவளிடமே பேசு. அப்பா, நீங்கள் கேட்க மறந்ததை இப்போதும் கேட்கலாம். இதைப் படிக்கிற வேறு யாராக இருந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பும் முன் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.

சித்தப்பா, அந்தத் துணி துவைத்து வீட்டுக் கொடியில் தொங்குகிறது. இப்போது உள்ளே ஆள் இல்லை. இருந்தாலும், புரட்டிப் பார்க்க ஆசையாக இருந்தால் அவள் அறைக் கதவைத் தட்டிக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால், கையை எடுத்துக்கொள்ளுங்கள்.