நோயாளியின் பெயர்

அறுவை அறைக்குப் போகும் வழியில் தள்ளுவண்டி நின்றுவிட்டது. காரைக்குடியின் அந்தத் தனியார் மருத்துவமனையில் திடீர்ச் சோதனை. காப்பீட்டுப் பணத்துக்காக, கண் முகாமுக்கு வந்த ஒருவரைக் குடல் நோயாளி என்று படுக்க வைத்திருந்ததைச் சற்று முன்புதான் அரசுக் காப்பீட்டு அதிகாரி சத்தியப்பிரியா பிடித்திருந்தார். இனி ஒவ்வொருவரையும் அவரே விசாரித்து ஒப்புதல் தந்த பிறகுதான் சிகிச்சை.

வண்டியில் கிடந்த மகளுக்குக் குடல்வால் வெடிக்கும் நிலை. தாய் தேனம்மை வண்டிக் கம்பியை விடவில்லை.

"பிள்ளை பேரு?"

"ஆத்தா."

"அட்டையில எட்டு வயசுன்னு இருக்கு. உங்க ஆத்தாவா?"

"எம் மகதாங்க. வீட்ல அப்படித்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிடுறதைக் கேக்கலை. பேரு?"

"எங்க மாமியா பேருதாங்க."

"மாமியாரை எதுக்கு இழுக்கிறீங்க?"

வண்டி தள்ளும் சின்னத்தாயி, "மேடம், அவுக வழக்கம் என்னன்னா..." என்று தொடங்கினாள்.

"ஆஸ்பத்திரி ஆளுக யாரும் சொல்லித் தரக் கூடாது." அதிகாரி குனிந்து குழந்தையையே கேட்டார். "உன் பேரு என்னம்மா?"

மருந்தின் அரைத்தூக்கத்தில் அதுவும் "ஆத்தா" என்றது.



பெயரிட்ட நாளில் எல்லோரும் குழந்தையின் காதில் பெயரைச் சொன்னபோது, தேனம்மை முத்தம் மட்டும் கொடுத்தாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை என்பது வழக்கம்; மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் நாக்கு வரை வந்து திரும்பிவிடும். மரியாதை என்றுதான் நினைத்திருந்தாள். இல்லை. தன் பிள்ளையின் பெயர் இரவல் வாங்கியது, தனக்கு அதில் பாத்தியதை இல்லை என்று உள்ளே ஏதோ ஒன்று ஒதுங்கியே நின்றிருக்கிறது.

"பெத்தவங்களுக்கே பேரு தெரியலைன்னா, நான் நிறுத்தி வைக்கணும்மா."

"நாச்சியம்மை!"

அத்தனை சத்தமாக வருமென்று அவளே நினைக்கவில்லை. நடைபாதையே திரும்பிப் பார்த்தது. வண்டியில் கண்கள் பாதி திறந்தன.

"என்னத்துக்கு ஆத்தா வையிற? நான் ஒண்ணும் செய்யலையே."

சத்தியப்பிரியா சிரித்துவிட்டார். "அட்டையில உள்ள பேருதான். இதுக்கு மேல சாட்சி வேணாம்." கைக்கணினியில் ஒப்புதலைத் தட்டினார். "கதவைத் திறங்க, சீக்கிரம்!"

வண்டி உருண்டது. தேனம்மை பக்கத்திலேயே ஓடினாள். வாய் நிற்கவில்லை. "வையலடி நாச்சியம்மை. சும்மாதான் கூப்பிட்டேன். பயப்படாதே நாச்சியம்மை."

"போதும் ஆச்சி," என்றாள் சின்னத்தாயி, வண்டியை உள்ளே திருப்பிக்கொண்டே. "மாமியா எந்திரிச்சு வந்துரப் போறாக!"

"வரட்டும். வந்து எங்கூட வெளியில உக்காந்திருக்கட்டும்."