சோதனைக்கு எடுத்த எண்

அடுத்தவர் செய்த மென்பொருளில் ஓட்டை தேடுவது என் பிழைப்பு. குறை சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஊழியர்களின் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றை எங்கள் கம்பெனி செய்தது. அதை வாங்கவிருந்த கம்பெனியில்தான் வீட்டுக்காரருக்கு வேலை.

சோதனைக்காக அவர்கள் பொய்ப் பெயர்களும் பொய் முகவரிகளும் தர வேண்டும் என்பது பேச்சு. அதற்கு அவர்களுக்குப் பொறுமையில்லை. உண்மையான விவரங்களையே அப்படியே நகலெடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்திலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை தள்ளிப்போகும், மேலாளரின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஊழியர் எண்ணைத் தட்டினால் திரையில் பெயர், பிரிவு, தொலைபேசி எண் மட்டும் வரும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சொந்த விவரங்கள் வரக் கூடாது. இதை எழுதிய புரோகிராமருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. அவன் எல்லா விவரத்தையும் பார்ப்பவரின் கணினிக்கு அனுப்பிவிட்டு, கண்ணில் படாமல் மட்டும் மறைத்திருப்பான் என்று எனக்குச் சந்தேகம். அப்படியென்றால் பிரவுசரின் பின்பக்கத்தைத் திறந்தால் அத்தனையும் கிடைக்கும்.

பார்க்க ஓர் எண் வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது வீட்டுக்காரருடைய எண்தான். அவருடைய காப்பீட்டுப் படிவங்களை எல்லாம் நிரப்புவது நானாயிற்றே. யோசிக்காமல் தட்டி, பின்பக்கத்தைத் திறந்தேன்.

சந்தேகம் சரிதான். ரத்தப் பிரிவு முதல் எல்லாம் வந்திருந்தது. திருமண நிலை: பிரிந்து வாழ்பவர். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: அவருடைய அக்கா. இரண்டும் போன மாதம் மாற்றப்பட்டிருந்தன.

எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை, பெயர் அவருடையதே. காலையில் நான் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போன மனிதர். ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா, என் நாத்தனார், வந்து என் சமையலை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி மனசைக் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

திரையைப் படம் பிடித்து, பெயரையும் எண்ணையும் கருப்படித்து, பிழை என்று பதிவு செய்தேன்.

அவசரக்குடுக்கை உடனே வந்து நின்றான்.

“அக்கா, அதான் மறைச்சாச்சே. யாருக்கா போய் உள்ள நோண்டிப் பார்க்கப் போறா?”

“நான் பார்த்தேன்ல.”

“உங்களுக்கு அதான் வேலை.”

“மறைக்கிறது வேற, அனுப்பாம இருக்கிறது வேற. சர்வர்லயே நிறுத்து.”

முணுமுணுத்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “பாவம், யாரோ ஒரு மனுஷன். பொண்டாட்டிகூட இல்லாம தனியா கெடக்கான் போல.”

“போல,” என்றேன்.

மதியத்துக்குள் சரிசெய்துவிட்டான். எந்த எண்ணில் பிழை கண்டோமோ அதே எண்ணில்தான் மறுபடி பார்த்து முடிக்க வேண்டும். எங்கள் வேலைமுறை அது. தட்டினேன். பெயர், பிரிவு, தொலைபேசி. பின்பக்கமும் அவ்வளவுதான். ‘சரியாகிவிட்டது’ என்று குறித்தேன். நல்ல கண்ணும்மா உனக்கு என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பக்கத்து மேசைக்காரி கை தட்டினாள். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் அவர் வழக்கம்போல் வந்தார், கைகால் கழுவினார், சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். தட்டு வைத்தேன்.

“ஏங்க, உங்க ஆபீஸ்ல அவசரம்னா கூப்பிடறதுக்கு யார் பேரைக் குடுத்திருக்கீங்க?”

“ஏன் திடீர்னு?”

“சும்மாதான் கேட்டேன்.”

“உன் பேருதான். வேற யாரு இருக்கா எனக்கு?”

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னார். சரி என்று சொல்லிவிட்டுப் பரிமாறினேன்.

பிரிந்து வாழ்பவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, உப்பு குறைவு என்றார். உள்ளே போய் எடுத்து வந்தேன்.