பூட்டிய அறையின் பொடி

இறால் உரிக்கும் கூடத்தில் அவளுக்கு மோப்பக்காரி என்றுதான் பேர். எதையும் முகர்ந்து பார்க்காமல் நம்பமாட்டாள். இறால் தலையும் ஓடும் முன்பெல்லாம் குப்பை லாரிக்குப் போகும். கொஞ்ச நாளாக எல்லாம் பின்னாலிருந்த புது அறைக்குப் போயின. அறைக்கதவில் பூட்டு.

"குப்பைக்கு எதுக்குடி பூட்டு?" என்று அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த நாத்தனாரைக் கேட்டாள்.

"வெளிய சொல்லக்கூடாதாம் அண்ணி."

அன்றிலிருந்தே அவளுக்குச் சந்தேகம்தான். அழுகினதை அரைத்து ஊர் தலையில் கட்டுகிறார்களோ?

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். "அண்ணனுக்கு மூட்டு வலின்னீங்களே. எங்க அறையில மீன் எலும்பை வேகவெச்சு அரைச்ச பொடி. அத்தனையும் கால்சியம்" என்று சொல்லி, சூப்பில் தானே கலக்கிக் கொடுத்தாள்.

புருஷனுக்கு இறால் ஆகாது. ஒருமுறை தெரியாமல் தின்று, உதடு வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அவள் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனாள். மீன் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் தன் விரலைவிட்டுப் போகாத அதே வாடை.

"இதுல இறால் இருக்கு."

"அது வேற பொடி அண்ணி, இது வேற!"

"என் தங்கச்சி எனக்கு விஷமா வெப்பா?" என்று அவர் கரண்டியை எடுத்தார். அவள் கிண்ணத்தைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டிவிட்டாள். நாத்தனார் சாப்பிடாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்று முழுக்க அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் நாத்தனாரே மேற்பார்வையாளரிடம் கேட்டு, அவளை அறைக்குள் கூட்டிப்போனாள். "கண்ணால பார்த்தாவது நம்புங்க."

அறை பளிச்சென்று இருந்தது. தலைகள் ஐஸில் கிடந்தன. கழுவி, வேகவைத்து, தட்டில் உலர்த்தி, சூப்புக்கும் சிப்ஸுக்கும் ருசி சேர்க்கும் பொடியாக்கினார்கள். செய்முறை வெளியே போய்விடக் கூடாது என்றுதான் பூட்டாம். ஒரு ஈ கூட இல்லை. அவசரப்பட்டுவிட்டோமோ என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மீன் எலும்பை எதுல அரைப்பீங்க?"

"இந்த மிஷின்லதான்."

"இறால் தலையை?"

"அதையும்..." நாத்தனார் மிஷினைத் திரும்பிப் பார்த்தாள். "கழுவிட்டுத்தான் அண்ணி அரைப்போம்."

அவள் மூடியைத் திறந்து உள்விளிம்பில் விரலை ஓட்டினாள். விரலில் இறாலின் ஆரஞ்சு நிறம் ஒட்டி வந்தது.

நாத்தனார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் குடிச்சிருந்தா?"

"குடிக்கலல்ல. எழுந்திரு. பெட்டியெல்லாம் எங்க இருக்கு?"

லாரியில் ஏற்றவிருந்த மீன் எலும்புப் பொடிப் பெட்டிகளை நாத்தனாரே ஓடிப்போய் நிறுத்தினாள். மேற்பார்வையாளர் கத்தினார், ஆரஞ்சு விரலைப் பார்த்ததும் அடங்கிப்போனார். பிறகு மீனுக்கென்று தனி மிஷின் வந்தது.

வீட்டில் விஷயம் கேட்டுப் புருஷன் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு தங்கைக்குப் போன் போட்டார். "அடுத்த வாரமும் வா. வெறுங்கையோட வா, அது போதும்."